பிளாக் சபாத் முதல் ஆல்பம்: கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில், ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசைக்கு வித்திட்ட பிரிட்டிஷ் குழுவான பிளாக் சபாத் கடைசி முறையாக மேடை ஏறியது. பதினேழு நாள் கழித்து அதன் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மறைந்தார். அந்த இரவு நால்வரும் சேர்ந்து வாசித்தவை நான்கே பாடல்கள். அவற்றில் ஒன்று, 1970இல் குழுவின் பெயரிலேயே வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் 'என்.ஐ.பி.'. அதற்குப் பிறகு பல நண்பர்கள் என்னிடம் இந்த ஆல்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் ஒரே தடவை ஓடவிட்டு, "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று திரும்பி வந்தார்கள். அவர்களுடைய செவியில் குறையில்லை. கேட்ட விதத்தில்தான் தவறு என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் தவறு, கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்பது. ஆல்பம் மழையோடு தொடங்குகிறது. இடி உறுமுகிறது, எங்கோ ஒரு மணி அடிக்கிறது. காது அந்தத் தாழ்ந்த ஒலிக்குப் பழகிய பிறகு, கிதாரும் பேஸும் டிரம்ஸும் ஒரே அடியாக விழுகின்றன. மெல்லொலிக்கும் பேரொலிக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளிதான் பாடலின் உயிர். சின்ன ஒலிபெருக்கியில் மழை கேட்காது, கீசர் பட்லரின் பேஸும் கேட்காது. மிஞ்சுவது எலும்புக்கூடு மட்டும். நல்ல ஹெட்போன் போதும். ஆனால் முழுதாக 38 நிமிடம் ஒதுக்கிக் கேளுங்கள்.

அடுத்தது, இன்றைய மெட்டலின் அளவுகோலைக் கொண்டு இதை அளப்பது. மின்னல் வேகம், இரட்டை பேஸ் டிரம், உறுமும் குரல் இவற்றைத் தேடினால் எதுவும் அகப்படாது. நால்வரும் அதற்கு முன் 'எர்த்' என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அந்த மண் ஆல்பம் முழுக்க ஒட்டியிருக்கிறது. 'தி விசார்ட்' பாடலில் ஓஸி ஹார்மோனிகா ஊதுகிறார். 'வார்னிங்', 'ஈவில் வுமன்' இரண்டும் வேறு குழுக்களின் பாடல்கள். பில் வார்டின் டிரம்ஸில் ஜாஸ் ஊறிக் கிடக்கிறது. ஜீன் க்ருப்பா போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்த கை அது. 'பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப்' பாடலில் கிதாரை மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். தாளத்தை அறைந்து நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே போகிறார். "இது மெட்டலே இல்லை" என்கிறவர்கள், ஒரு இசை வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கும் தருணத்தைக் கேட்கும் வாய்ப்பை இழக்கிறார்கள். எனக்கு இந்த ஆல்பத்தின் பெரும் பேறே அந்தத் தருணம்தான்.

மூன்றாவது தவறு மிகப் பழையது: இதைச் சாத்தான் வழிபாடு என்று முத்திரை குத்துவது. முதல் பாடலின் வரிகளைக் கவனியுங்கள். கறுப்பு உருவம் ஒன்று எதிரே நின்று சுட்டிக்காட்ட, அதைக் கண்டவன் நடுங்கிக் கடவுளை உதவிக்கு அழைக்கிறான். அது அச்சத்தின் பாட்டு, வழிபாட்டின் பாட்டு அல்ல. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த கீசர், ஒரு இரவு தன் கட்டிலின் கால்மாட்டில் கறுப்பு உருவம் ஒன்று நிற்கக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். பாடல் அந்தத் திகிலிலிருந்து பிறந்தது. 'என்.ஐ.பி.' லூசிஃபர் ஒரு பெண்ணிடம் காதல்வயப்பட்டு மாறிப்போகும் கதை. அந்தத் தலைப்புக்கு விரிவாக்கம் தேடி அலைந்தவர்கள் ஏராளம். உண்மையில் பில் வார்டின் தாடி பேனா முள்ளைப் போல் கூராக இருந்ததால் நண்பர்கள் அவரை 'நிப்' என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். நடுவில் புள்ளிகள் வைத்ததும் அது மர்மமாகிவிட்டது.

உறையின் உள்பக்கத்தில் தலைகீழ்ச் சிலுவை இருக்கிறதே என்று கேட்பார்கள். அதை வைத்தது இசைத்தட்டு நிறுவனம். குழுவைக் கேட்கவே இல்லை. முன் உறையில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் மேப்பிள்டர்ஹாம் நீராலை. முன்னால் நிற்கும் கறுப்பு உடைப் பெண், படம் எடுத்தபோது அங்கே இல்லாமல் கழுவிய பிறகு தோன்றினார் என்று ஒரு கதை உலவியது. புகைப்படக்காரர் கீத் மாக்மில்லன் ஒரு மாடலை நிற்க வைத்து எடுத்த படம் அது. கதை இல்லாமலே அந்த உறை அழகானது.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பிழை: முதல் பாடலில் வரும் ஸ்வர இடைவெளியைச் சர்ச் தடை செய்திருந்தது என்பது. அப்படி ஒரு தடை இருந்ததற்குச் சான்று இல்லை. நமக்குத் தெரிந்த முறையில் சொன்னால், கிதார் கலைஞர் டோனி அயோமி வாசிப்பது ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். கல்யாணி பாடுகிறவர் நாள்தோறும் தொடும் ஸ்வரம் அது. அங்கே அது மங்கலமாக ஒலிக்கிறது. ஆகவே பேய் அந்த ஸ்வரத்துக்குள் குடியிருக்கவில்லை. அயோமி அதை வைத்த இடமும், அதன் மீது விரலை நடுங்க விட்டுக் காத்திருக்கும் நேரமும்தான் நம் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கின்றன. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' இசையைக் கீசர் விரும்பி வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்து இந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் மெட்டு, கிளைத்தது என்பது அவர்களே சொன்ன செய்தி. தடைக்கதையைவிட இது எனக்குச் சுவையாக இருக்கிறது.

கிதார் பழகுகிறவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. அயோமி பதினேழு வயதில், தகரத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று, வலக்கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்துவது அவருக்கு வலக்கைதான். தீக்காயத்துக்குப் பின் இரண்டு விரல்களாலேயே வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுத் தேறினார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்திகளுக்காக பேஞ்சோ தந்திகளைப் பூட்டினார். இவ்வளவும் உண்மை. ஆனால் இதைக் கேட்டவர்கள், அவர் முதல் ஆல்பத்திலேயே சுருதியை இறக்கிவிட்டார் என்று முடிவுகட்டித் தங்கள் கிதாரையும் இறக்கி வாசிக்கத் தொடங்குகிறார்கள். பிறகு ஏன் சேரவில்லை என்று தவிக்கிறார்கள். இந்த ஆல்பம் வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டது. மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971இல் வந்த மூன்றாம் ஆல்பத்தின் சில பாடல்களில்தான். ஆம்ப்ளிஃபயரில் இரைச்சலை அளவுக்கு மீறி ஏற்றுவதும் கூடாது. அயோமியின் ஒலி நாம் நினைப்பதைவிடத் தெளிவானது. கனம் வருவது பேஸும் கிதாரும் ஒரே ரிஃப்பைத் தோளோடு தோள் உரசி வாசிப்பதால். கீசர் முன்பு கிதார் வாசித்தவர். அதனால் பேஸைப் பின்னணியில் ஒதுக்கி வைக்க அவருக்கு மனமில்லை. தனியாக அறையில் உட்கார்ந்து ஒற்றைக் கிதாரில் அந்தக் கனத்தைக் கொண்டுவர முயல்வது வீண் உழைப்பு. கூட ஒரு பேஸ் வாசிக்கும் நண்பரைத் தேடிக்கொள்ளுங்கள்.

"ஒரே நாளில் அவசரமாகப் பதிவு செய்தார்கள், அதனால் கரடுமுரடு" என்பவர்களிடம் எனக்கு உண்மையாகவே வருத்தம். 1969 அக்டோபர் 16 அன்று லண்டனின் ரீஜண்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் ராஜர் பெய்ன் மேற்பார்வையில், மேடையில் வாசிப்பதைப் போலவே வாசித்துப் பதிந்தார்கள். நாள் ஒன்றுதான். அதற்கு முந்தைய மாதங்களில் மன்றம் மன்றமாக ஏறி வாசித்த பயிற்சி அதற்குள் இருக்கிறது. அன்று ஒரு பாடலை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் வாசித்து முடித்தபோது, தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் அதன் பிக்கப் பழுதாகிவிட்டது. அயோமி உடன் கொண்டுவந்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார். பிற்காலத்தில் அவரை நினைத்தாலே நினைவுக்கு வரும் கிதார், மாற்றுக் கருவியாகத்தான் அந்த அறைக்குள் வந்தது. மழையும் மணியும் பிறகு சேர்க்கப்பட்டவை.

விமர்சனங்களை முதலில் படித்துவிட்டு வருவதும் கெடுதல். ரோலிங் ஸ்டோன் இதழில் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் இதைக் கடுமையாகச் சாடினார். ரசிகர்களோ ஆல்பங்களின் தரவரிசையில் இதைப் பிரிட்டனில் எட்டாம் இடத்துக்கும் அமெரிக்காவில் இருபத்து மூன்றாம் இடத்துக்கும் தூக்கிச் சென்றார்கள்.

எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1970 பிப்ரவரி 13 அன்று வெர்டிகோ நிறுவனம் வெளியிட்ட பிரிட்டிஷ் இசைத்தட்டில் 'ஈவில் வுமன்' உண்டு. அமெரிக்கப் பதிப்பில் அதன் இடத்தில் 'விக்கட் வேர்ல்ட்' வந்தது. அங்கே பாடல்களின் முன்னுரைப் பகுதிகளுக்குத் தனிப் பெயர்களும் சூட்டினார்கள். 'என்.ஐ.பி.'க்கு முன் வரும் பேஸ் தனி வாசிப்பு 'பேசிக்கலி' ஆனது இப்படித்தான். பட்டியலில் பெயர்கள் மாறியிருப்பதைக் கண்டு ஏதோ விடுபட்டது என்று குழம்ப வேண்டாம். எப்படியும் வரிசையைக் கலைத்து மட்டும் கேட்காதீர்கள்.

ஏனென்றால் வரிசையைக் கலைக்கிறவர்கள் முதலில் தாண்டுவது 'வார்னிங்' பாடலைத்தான். பத்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறது, அயோமி கிதாரோடு எங்கெங்கோ போகிறார், பொறுமை தீர்ந்துவிடுகிறது. நானும் இளவயதில் அதைத் தாண்டியிருக்கிறேன். இப்போது அதற்காகவே இரண்டாம் பக்கத்தைப் போடுகிறேன். மற்ற இருவரும் விலகி நிற்க, கிதார் தனித்து ஒலிக்கும் சில நொடிகள் அதில் வருகின்றன. விரல் நுனி இழந்த ஒருவர் அதை வாசிக்கிறார். பிறகு ஒவ்வொருவராக வந்து சேர, பாடல் தன் பழைய மெட்டுக்குத் திரும்புகிறது.