இல்லாத ஒரு ஜெர்மன் கார் கம்பெனிக்கு வரலாறு எழுதுவது எப்படி?

நாவலுக்கோ, கேமுக்கோ, வெறும் ஆசைக்கோ ஒரு கற்பனை ஜெர்மன் கார் கம்பெனியை உருவாக்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் லோகோவில் தொடங்குகிறார்கள். அடுத்தது ஸ்போர்ட்ஸ் கார். வரலாறு கடைசியில், மிச்சமிருக்கும் இடத்தில் ஒட்டப்படுகிறது. படிப்பவருக்கும் அது ஒட்டுப்போட்டதாகவே தெரிகிறது.

வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: ஆண்டு, வெளியே நடந்தது, கம்பெனியின் கையில் இருந்தது, வந்த கார். மூன்றாவது கட்டத்தில் பணம், ஆலை, ஏற்கெனவே ஓடுகிற எஞ்சின் ஆகியவற்றை எழுதுங்கள். நாலாவது கட்டத்தைக் கடைசியாகத்தான் நிரப்ப வேண்டும். வரி, லைசென்ஸ் விதி, பெட்ரோல் தட்டுப்பாடு, கடன் என்று ஏதோ ஒரு நெருக்கடி துரத்தாமல் ஜெர்மனியில் அதிகக் கார்கள் பிறந்ததில்லை.

பழைய தொழில், ஊர், பெயர்

கம்பெனி கார் செய்வதற்கு முன் வேறு ஏதோ செய்துகொண்டிருக்க வேண்டும். ஓபெல் 1862-இல் ரஸ்ஸல்ஸ்ஹைமில் தையல் இயந்திரத்தில் தொடங்கி, சைக்கிளுக்குப் போய், 1899-இல்தான் காருக்கு வந்தது. என்.எஸ்.யூ. முதலில் பின்னல் இயந்திரம் செய்தது. ஹானோமாக் ரயில் எஞ்சின் செய்தது. பி.எம்.டபிள்யூ. விமான எஞ்சினில் தொடங்கி, 1923-இல் மோட்டார் சைக்கிள் விட்டு, 1928-இல் ஐசனாக்கில் ஒரு கார் ஆலையை விலைக்கு வாங்கித்தான் காருக்குள் நுழைந்தது. அங்கே கிடைத்த முதல் கார்கூட பிரிட்டனின் ஆஸ்டின் செவனை லைசென்ஸில் செய்ததுதான்.

பழைய தொழிலின் ரேகை காரில் தெரிய வேண்டும். சைக்கிள் கம்பெனியென்றால் மெல்லிய குழாய், குறைந்த எடை, ஊர் ஊராக ஏற்கெனவே இருக்கும் சைக்கிள் கடைகளே டீலர்கள். ரயில் எஞ்சின் ஆலையென்றால் கனமான வார்ப்பு, காரைவிட டிராக்டரில் சாமர்த்தியம். இந்தக் கட்டுரைக்கு உதாரணமாக, மத்திய ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் தட்டச்சு இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றை வைத்துக்கொள்வோம். சிறு பாகங்களைத் துல்லியமாகக் கடைவது அதற்குக் கைவந்த கலை. பெரிய தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் கிடையாது. ஆகவே எஞ்சின் தன்னுடையது, பாடி வெளியே வாங்கியது. இந்த ஒரு முடிவு அடுத்த 40 ஆண்டுக்குச் செலவு வைக்கும்.

ஊரை அழகுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1945-இல் போரில் தோற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் மண்டலங்களாகப் பங்கிட்டபோது அந்த ஊர் யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி. வொல்ஃப்ஸ்பர்க்கும் ஹானோவரும் பிரிட்டிஷ் மண்டலம். மியூனிக் அமெரிக்க மண்டலம். ஸ்விக்காவும் கெம்னிட்ஸும் சோவியத் மண்டலம். ஸ்டோவர் கார் செய்த ஸ்டெட்டின் நகரம் போலந்துக்கே போய்விட்டது, கம்பெனியும் அத்தோடு முடிந்தது. துரிங்கியாவில் ஒரு வசதி உண்டு. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை பிடித்த அந்தப் பகுதி, ஜூலையில் சோவியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இடைப்பட்ட சில வாரங்களில் வரைபடங்களோடு மேற்கே கிளம்பிய பொறியாளர்கள், பின்தங்கிய தொழிலாளர்கள் என்று கம்பெனி இரண்டாகப் பிளக்க அதுவே இடம் தருகிறது.

பெயர் வைக்கும்போது நிறுவனரின் குடும்பப் பெயர், ஊரின் முதலெழுத்துகள் என்று இரண்டு வழிகள்தான் பெரும்பாலும் ஒட்டும். ஆகஸ்ட் ஹோர்க் 1909-இல் தன் கம்பெனியை விட்டு வெளியேறியபின் தன் சொந்தப் பெயரையே பயன்படுத்த முடியாமல் போனது. 'கேள்' என்று பொருள்படும் அந்தப் பெயரை லத்தீனில் மாற்றி 'ஆடி' என்று வைத்தார். முடிவு செய்த பெயரை ஜெர்மன் காப்புரிமை, வணிகச்சின்ன அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள். நல்ல பெயர்கள் பலவும், நூறு ஆண்டுக்கு முன்பே ஏதோ ஒரு பம்பு ஆலைக்குப் போயிருக்கும். மாடல் எண்ணும் இடிக்கலாம். போர்ஷே 901 என்று காட்டிய காரை, நடுவில் சுழி வரும் மூன்றிலக்க எண்கள் தங்களுக்குச் சொந்தம் என்று பெஜோ சொன்னதால் 1964-இல் 911 என்று மாற்ற வேண்டி வந்தது.

1920-களின் மாடல் பெயர்: கணக்கு சரியாக வர வேண்டும்

அந்தக் கால ஜெர்மன் கார்களின் பெயர் 8/38, 6/25 என்று இருக்கும். பி.எஸ். என்பது ஜெர்மன் குதிரைத்திறன். முதல் எண் வரிக்கான பி.எஸ்., இரண்டாவது எஞ்சின் உண்மையில் தரும் பி.எஸ். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மொத்தக் கொள்ளளவைச் சிசியில் எடுத்து 261.8-ஆல் வகுத்தால் வரி பி.எஸ். வரும். 1925-இல் வந்த ஹானோமாக் 2/10 எஞ்சின் 503 சிசி, வகுத்தால் 1.92, அதாவது 2. சரியாக இருக்கிறது.

நம் கம்பெனிக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டர் விட்டம் 65 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 118 மி.மீ., நாலு சிலிண்டர். விட்டத்தைச் செ.மீ.யில் வர்க்கப்படுத்தி 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்காலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கினால் 1566 சிசி. 261.8-ஆல் வகுத்தால் 5.98. எனவே '6/25' என்ற பெயர் நிற்கும். 1566 சிசி காருக்கு '10/25' என்று வைத்தால், விஷயம் தெரிந்த ஒருவர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

பலர் வழுக்கும் இடமும் இதுதான். 'வரியைக் குறைக்க ஒடுங்கிய சிலிண்டரும் நீண்ட ஸ்ட்ரோக்கும் வைத்தார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிரிட்டன் கதை. அங்கே அன்றைய வரிக் கணக்கில் சிலிண்டரின் விட்டமும் எண்ணிக்கையும்தான் வந்தன, ஸ்ட்ரோக் வரவில்லை. ஜெர்மன் கணக்கில் ஸ்ட்ரோக்கும் சேர்வதால் அந்தத் தந்திரம் பலிக்காது. 1928-இல் வரி நேரடியாகக் கொள்ளளவுக்கு மாறியதும் இந்த இரட்டை எண்களும் மெல்ல மறைந்தன. பிறகு மெர்சிடஸ் 170 போல, சிசியைப் பத்தால் வகுத்த எண்கள் வந்தன. உங்கள் பட்டியலிலும் இந்த இடத்தில் பெயர் முறை மாற வேண்டும்.

1933 முதல் 1945 வரை

இந்தப் பன்னிரண்டு ஆண்டைத் தாண்டிக் குதிக்கும் வரலாறுதான் பொய்யென்று முதலில் அகப்படும். 1933-இல் புதிய கார்களுக்கு மோட்டார் வரி நீக்கப்பட்டது, விற்பனை ஏறியது. 1939-இல் ஷெல் என்ற ராணுவ அதிகாரியின் திட்டம் மாடல்களின் எண்ணிக்கையை வெட்டியது. நம் கம்பெனிக்கு ஒன்றிரண்டு மாடல்தான் மிஞ்சும். பிறகு ராணுவ வேலை, அதோடு கட்டாய உழைப்பு. ஃபோக்ஸ்வாகன், டைம்லர் பென்ஸ், பி.எம்.டபிள்யூ. மூன்றுமே கட்டாயத் தொழிலாளர்களையும் வதைமுகாம் கைதிகளையும் வேலை வாங்கின. உங்கள் கம்பெனி மட்டும் கை கறைபடாமல் வந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். 2000-இல் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1000 கோடி மார்க்கில் இழப்பீட்டு அறக்கட்டளை அமைத்தபோது கம்பெனி பணம் கொடுத்ததா, கொடுக்க மறுத்ததா, அதற்கு முன்பே மறைந்துபோனதா என்பதையும் தாளில் குறியுங்கள்.

1948-க்குப் பிறகு மேற்கே

1948 ஜூன் 20-இல் டாய்ச் மார்க் வந்தது. அதற்கு முன் நடக்கும் காட்சியில் 'டி-மார்க்' என்று யாரும் பேசக்கூடாது; அது ரைக்ஸ்மார்க் காலம்.

தகடு இல்லை, பணம் இல்லை, வாங்குபவரிடமும் இல்லை. 1950-இல் லாயிட் எல்.பி. 300 வந்தது இப்படித்தான்: மரச்சட்டம், பிளைவுட், மேலே செயற்கைத் தோல், 293 சிசி டூ ஸ்ட்ரோக், 10 பி.எஸ். 1955-இல் கோகோமொபில் 250 சிசிக்குள் நின்றதற்கும் காரணம் உண்டு. பழைய நாலாம் வகுப்பு லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் புதிதாகத் தேர்வு எழுதாமலே அதை ஓட்டலாம். உங்கள் குட்டிக் காருக்கு 300 சிசி கொடுத்தால், அந்த வாடிக்கையாளர்களை வேண்டாம் என்று சொல்கிறீர்கள் என்று பொருள். சொல்லலாம், ஆனால் தெரிந்து சொல்லுங்கள்.

நடுத்தரக் காருக்கு வருவோம். 76 மி.மீ. விட்டம், 82 மி.மீ. ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர்: 1488 சிசி. 1955-இல் இதற்கு எத்தனை பி.எஸ். கொடுப்பது? லிட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். 1954-இன் ஃபோக்ஸ்வாகன் வண்டு (பீட்டில்) 1192 சிசியில் 30, அதாவது லிட்டருக்கு 25. போர்க்வார்ட் இஸபெல்லா ஒன்றரை லிட்டரில் 60, லிட்டருக்கு 40. ஆகவே நம் காருக்கு 60 என்பதே மேல் பக்கம். 90 என்று போட்டால் அது பந்தய எஞ்சின். 1976-இன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1588 சிசியில் 110 எடுத்தது. அதற்குப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வேண்டியிருந்தது. 1978 முதல் ஜெர்மன் ஆவணங்களில் கிலோவாட் வர வேண்டும், 100 பி.எஸ். என்றால் 74 கிலோவாட்.

கம்பெனி எப்படிச் சாகும்?

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். வெற்றிக் கதை எழுத எல்லோருக்கும் வரும். மூன்று உண்மையான வழிகள் கைவசம் இருக்கின்றன.

பிரேமனின் போர்க்வார்ட், ஒரே முதலாளியின் கையில் பல பிராண்ட், அளவுக்கு மீறிய மாடல்கள் என்று பரந்து, 1961-இல் திவாலானது. கார் மோசமென்று செத்ததல்ல.

பி.எம்.டபிள்யூ. 1950-களில் மேல் தட்டில் வி8 கார்களையும் அடியில் இஸெட்டா என்ற குட்டிக் காரையும் வைத்துக்கொண்டு நடுவே போதிய கார் இல்லாமல் தவித்தது. சுமார் 250 மட்டுமே செய்த 507 ஸ்போர்ட்ஸ் கார் பார்க்க அழகு, கணக்கில் ஓட்டை. 1959-இல் டைம்லர் பென்ஸ் கைக்குப் போகவிருந்தது தப்பியது. 1961-இல் காட்டிய 1500 தான் அந்த நடு இடத்தை நிரப்பியது.

மூன்றாவது என்.எஸ்.யூ. 1967-இல் வந்த ஆர்ஓ 80-க்கு வாங்கெல் எஞ்சின்: மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதில் அதில் ஒரு சுழலி சுற்றும். சுழலியின் முனையில் இருக்கும் சீல் சீக்கிரம் தேய்ந்தது. எஞ்சின்களை வாரண்டியில் மாற்றியே பணம் கரைந்தது. 1969-இல் ஆட்டோ யூனியனோடு இணைந்தது. பத்தாண்டில் விற்றது சுமார் 37,000.

நம் தட்டச்சுக் கம்பெனிக்கு இந்த மூன்றில் எதுவும் அப்படியே பொருந்தாது. பாடியை வெளியே வாங்கினோம் அல்லவா? விற்பனை ஏறும்போது பாடி கம்பெனி விலையை ஏற்றும், அல்லது பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அந்தக் கம்பெனியையே வாங்கிவிடுவார். சொந்த பிரஸ் ஆலைக்குக் கடன் வாங்கிய ஆண்டிலேயே விற்பனை சரியட்டும். கார் நன்றாக இருந்தும் கம்பெனி போகும்.

கிழக்குப் பாதி வேறு. அது மக்கள் உடைமை ஆலையாகும், பெயரும் மாறும். ஐசனாக் ஆலை 1952-இல் பி.எம்.டபிள்யூ. பெயரை விட்டு இ.எம்.டபிள்யூ. ஆனது போல. புதிய மாடலுக்கு மேலிடம் பணம் தராது. கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட் 601 காரை 1964-இல் தொடங்கி 1990 வரை பெரிய மாற்றமில்லாமல் செய்தார்கள். எனவே கிழக்கு மாடல்களின் பட்டியல் குட்டையாக இருக்கட்டும். எட்டு ஆண்டுக்கு ஒரு புது மாடல் என்பது மேற்கின் தாளம்.

சில்லறை விஷயங்கள்

கம்பெனி 1973 வரை பிழைத்தால், அந்த ஆண்டு நவம்பர் 25 தொடங்கி நாலு ஞாயிறு தனியார் கார்கள் ஓடத் தடை. ஆட்டோபானிலும் சில மாதம் 100 கி.மீ. வரம்பு. வி8 அறிமுகத்தை அந்த மாதத்தில் வைத்தால் அதற்கேற்ற அடி விழ வேண்டும்.

மின்சாதனம், இன்ஜெக்‌ஷன், பிரேக் எலக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் பாஷிடமிருந்து, கியர்பாக்ஸ் இசட்.எஃப்.-இடமிருந்து. புதிதாக வருவது முதலில் பெரியவர்களுக்குத்தான் கிடைக்கும். ஏ.பி.எஸ். 1978-இல் மெர்சிடஸ் எஸ் கிளாஸில் வந்தது. சின்னக் கம்பெனிக்குச் சில ஆண்டு தள்ளிக் கொடுங்கள்.

படம் வரைபவர்களுக்கு நம்பர் பிளேட். 1956 ஜூலைக்கு முன் மேற்கில் கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, அதில் ஆக்கிரமிப்பு மண்டலத்தின் குறி. அதற்குப் பின் வெள்ளைப் பலகையில் ஊர்க்குறி. 1980-களின் கார் என்றால் சேஸிஸ் எண் 17 இடம். மேற்கு ஜெர்மனிக்கு டபிள்யூவில் தொடங்கும். ஐ, ஓ, கியூ மூன்று எழுத்தும் எங்கும் வராது. ஆண்டுக்குச் சில நூறு கார் மட்டும் செய்யும் கம்பெனிக்கு மூன்றாவது இடத்தில் 9 இருக்கும்.