23 சதவீதத்தில் அணைந்துபோகும் போன்: பேட்டரி மீட்டரைச் சரிசெய்வது எப்படி

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேலிபிரேஷன், அதாவது போன் காட்டுகிற பேட்டரி சதவீதக் கணக்கை (பேட்டரி மீட்டரை) நேராக்குவது, செய்தால் பேட்டரியின் ஆயுள் கூடிவிடாது. அரை நாள் நிற்கிற சார்ஜ் முழு நாள் நிற்கப் போவதில்லை. திரையின் மூலையில் தெரிகிற சதவீதம் பொய் சொல்வதை நிறுத்தும், அவ்வளவுதான். அது போதும் என்றால் மேலே படியுங்கள்.

என் அம்மாவின் போன் 23 சதவீதம் காட்டிக்கொண்டே பட்டென்று அணைந்துவிடும். சார்ஜரைச் செருகி ஆன் செய்தால் 9 என்று எழுந்திருக்கும். மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். போனைத் திறந்துகூடப் பார்க்காமல் "பேட்டரி மாத்தணும்ணே" என்றார்கள். மாற்றவில்லை. வீட்டிலேயே கேலிபிரேட் செய்தோம், இன்றுவரை அதே பேட்டரிதான் ஓடுகிறது.

கோளாறு பேட்டரியிலா, மீட்டரிலா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் வேலையில் இறங்காதீர்கள். அணைந்த போனைச் சார்ஜரில் போட்டு ஆன் செய்ததும் எண் பெரிதாக மாறியிருந்தால் (23 இருந்த இடத்தில் 9) தப்பு மீட்டரில். அதேபோல 1 சதவீதத்திலேயே முக்கால் மணி நேரம் இழுத்துக்கொண்டு ஓடினாலும், சார்ஜரைக் கழற்றிய நாலு நிமிஷத்தில் 100 என்பது 91 ஆகி அப்புறம் நிதானமாக இறங்கினாலும் மீட்டர்தான்.

மாறாக, கேமராவைத் திறந்தாலோ ஹாட்ஸ்பாட் போட்டாலோ மட்டும் அணைகிறது, திரும்ப ஆன் செய்தால் அதே 22, 23 தான் காட்டுகிறது என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. பழைய பேட்டரி செல்லின் உள்மின்தடை (மின்சாரம் வெளியே வர உள்ளேயே இருக்கிற தடை) கூடிப்போயிருக்கும். திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். கேலிபிரேஷன் இதற்கு மருந்தில்லை. பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால், அல்லது மேசையில் வைத்தால் போன் ஆடினால், பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடவே போடாதீர்கள், நேரே கடைக்குப் போங்கள்.

ஏன் பிசகுகிறது?

போனுக்குள் மிச்சச் சார்ஜை நேராக அளக்கும் கருவி ஏதும் இல்லை. ஃபியூயல் காஜ் என்றொரு சிப், உள்ளே எவ்வளவு மின்சாரம் போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியை எட்டிப் பார்க்காமலேயே, "மோட்டார் அரை மணி ஓடுச்சு, பத்துக் குடம் இறக்கியாச்சு, இன்னும் பாதி இருக்கும்" என்று வீட்டில் கணக்குச் சொல்வார்களே, அதேதான். நாலு நாள் சரியாக இருக்கும். அப்புறம் சிறுகச் சிறுகப் பிசகும். அடியில் வண்டல் படிந்து தொட்டியின் கொள்ளளவே குறைந்திருக்கும், கணக்கு மட்டும் பழைய அளவுக்கே நடக்கும். மேலே தண்ணீர் வழியும்போதும் குழாயில் காற்று வரும்போதும்தான் கணக்கு நேராகும்.

வோல்டேஜை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாதா என்று கேட்கலாம். சிப் அதையும் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் லித்தியம் அயான் செல் நடுவில் ஏமாற்றும். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டுகிற செல் (புதிய போன்களில் 4.4 வரைக்கும் போகும்) 70 சதவீதத்திலிருந்து 20 சதவீதம்வரை சுமார் 3.9க்கும் 3.7க்கும் நடுவிலேயே நகர்ந்துகொண்டிருக்கும். பாதிச் சார்ஜ் அந்தச் சின்ன இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு ஓரங்களில்தான் வோல்டேஜ் செங்குத்தாக ஏறும், இறங்கும். அந்த இரண்டு ஓரங்களையும் சிப்புக்கு ஒருமுறை காட்டிவிடுவதுதான் கேலிபிரேஷன்.

மீனாட்சி கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது என்பதால் அணைத்து, வெளியே பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுப் போவோம். தரிசனம் முடித்து வாங்கி ஆன் செய்தால் கொடுக்கும்போது இருந்த சதவீதம் இருக்காது, ஏறியோ இறங்கியோ இருக்கும். யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை, சந்தேகப்படாதீர்கள். சும்மா கிடந்த செல்லின் வோல்டேஜ் நிலைக்கு வந்திருக்கும். ஆன் ஆகும்போது சிப் அதை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும்.

கேலிபிரேஷன் ஆப்கள் வேண்டாம்

ரூட் செய்த (பூட்டை உடைத்து முழு அனுமதி எடுத்த) போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று சொல்கிற ஆப்கள் இன்னும் உலவுகின்றன. அவை செய்வதெல்லாம் 'பேட்டரிஸ்டாட்ஸ்' என்ற கோப்பை அழிப்பதுதான். எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்றது என்ற பட்டியல் அதில் இருக்கிறது. சதவீதக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று கூகுளில் ஆண்ட்ராய்டு பொறியாளராக இருந்த டயான் ஹாக்பார்ன் 2012இலேயே விளக்கிவிட்டார். ஆனாலும் கதை ஓயவில்லை.

நான் வைத்துக்கொள்வது இரண்டே பொருள். ஒன்று, அக்யூபேட்டரி ஆப். வெப்பநிலை, வோல்டேஜ், பேட்டரியின் இன்றைய கொள்ளளவு எவ்வளவு இருக்கலாம் என்ற மதிப்பீடு எல்லாம் காட்டும். இலவசமாகக் கிடைப்பதே போதும். இன்னொன்று யூஎஸ்பி மீட்டர். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகுகிற விரல் நீளக் கருவி, வோல்ட்டும் ஆம்பியரும் ஓடிக்கொண்டிருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இது கட்டாயமில்லை, ஆனால் இதை வாங்கிய பிறகுதான் எனக்குப் பல விஷயம் புரிந்தது.

நாள் பார்ப்பது

சிரிக்காதீர்கள், இது முக்கியம். உங்கள் பகுதியில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதிச் சார்ஜில் கரண்ட் போனால் வேலை வீண். சிலிண்டர் வரும் நாளும் வேண்டாம். போன் அணைந்து கிடக்கும்போதுதான் டெலிவரிக்காரர் வாசலில் நின்று ஓடிபி கேட்பார். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஜிபே இருக்காது.

சித்திரை, வைகாசி மதியங்களில் செய்யாதீர்கள். லித்தியம் அயான் பேட்டரியைச் சார்ஜ் செய்ய 45 டிகிரிதான் மேல் எல்லை. மதுரையில் வெளியே 40 அடிக்கும்போது மாடி அறையில் சார்ஜ் ஏறுகிற போன் அதைச் சுலபமாகத் தொட்டுவிடும். தொட்டால் போனே சார்ஜைக் குறைக்கும், அல்லது நிறுத்தும். ராத்திரி செய்யுங்கள். தரையில் வையுங்கள், மெத்தையில் வேண்டாம், பவுச்சையும் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, 80 சதவீதத்தில் நிறுத்தும் பேட்டரி பாதுகாப்பு, அடாப்டிவ் சார்ஜிங் போன்றவை ஆனில் இருந்தால் இன்றைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

படி 1: காலியாக்குவது

போன் தானாக அணையும்வரை ஓட விடவேண்டும். வேகமாக இறங்கட்டும் என்று கேம் ஆடாதீர்கள். பாரம் கூடினால் வோல்டேஜ் சரிந்து, உண்மையான அடிமட்டத்துக்கு முன்பே அணைந்துவிடும். ஏர்பிளேன் மோடில் போட்டு, பாதி வெளிச்சத்தில், போனிலேயே இருக்கிற ஒரு நீள வீடியோவை ஓடவிடுங்கள்.

அணைந்ததும் மறுபடி மறுபடி ஆன் செய்து கடைசிச் சொட்டுவரை உறிஞ்சச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போன் அணைகிற இடமே செல்லுக்குக் கேடு வராத எல்லை, அதற்குக் கீழே தள்ளினால் பேட்டரிதான் கெடும்.

படி 2: சும்மா விடுவது

இரண்டு மூன்று மணி நேரம் தொடாதீர்கள். கோயில் பாதுகாப்பு அறையில் நடந்ததுபோல இங்கேயும் வோல்டேஜ் நிலைக்கு வர வேண்டும். நாள்கணக்கில் காலியாக விட்டுவிடவும் கூடாது.

படி 3: நிரப்புவது

எல்லோரும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன் அணைந்த நிலையிலேயே சார்ஜ் போடுங்கள். வேகமான சார்ஜர் வேண்டாம், பழைய 10 வாட் சார்ஜர் இருந்தால் அதுதான் உத்தமம். சூடு குறைவு, கணக்கும் துல்லியமாக இருக்கும். வயர்லெஸ் வேண்டவே வேண்டாம்.

100 என்று வந்ததும் எல்லோரும் கழற்றிவிடுகிறார்கள். அந்த 100 முழு 100 இல்லை. யூஎஸ்பி மீட்டரில் பார்த்தால் தெரியும். பாதிச் சார்ஜில் 1.6 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது, 90ஐத் தாண்டியதும் மளமளவென்று குறைந்தது. திரையில் 100 விழுந்தபோது மீட்டரில் இன்னும் 0.35 ஓடியது. அதாவது பேட்டரி இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உச்ச வோல்டேஜைத் தொட்ட பிறகு, வோல்டேஜ் அப்படியே நிற்க மின்னோட்டம் மட்டும் தேய்ந்துகொண்டே வரும். அது ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்ச் சார்ஜிங் முடியும்போதுதான் "இதுதான் உச்சி" என்று சிப் குறித்துக்கொள்கிறது. அதற்கு முன்பே பிடுங்கினால் அந்தக் குறிப்பு விழாது. காலையிலிருந்து செய்த வேலை அத்தனையும் போச்சு.

அதனால் 100 வந்த பிறகும் ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். மீட்டர் இருந்தால், எண் 0.05 பக்கம் வந்து அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். பேட்டரி வெடித்துவிடாதா என்று அம்மா கேட்டார். உப்பாத, நல்ல பேட்டரியாக இருந்தால், முடிந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். ஒருநாள் கூத்துக்கு ஒன்றும் ஆகாது, தினமும் இப்படிச் செய்வதுதான் ஆயுளைக் குறைக்கும்.

படி 4: சரிபார்ப்பது

கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். 100 காட்டினால் முடிந்தது. 97, 98 காட்டினால் திரும்பவும் செருகி, 100 ஆன பிறகு இன்னும் ஒரு மணி நேரம். அப்புறம் வழக்கம்போலப் பயன்படுத்தி, எண்ணிக்கை சீராக இறங்குகிறதா, குறிப்பாக 30க்குக் கீழே தாவுகிறதா என்று கவனியுங்கள். அப்போதும் தாவினால் இன்னும் ஒரே ஒரு சுற்று. அதற்கும் மசியவில்லை என்றால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

மாதாமாதம் இதைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம் அது. லித்தியத்துக்கு முழுதாகக் காலியாவது பாரம்தான். எண் பிசகினால் மட்டும் செய்யுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மேலூரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். "ஏப்பா, சார்ஜரைச் சொருகுனா போன் தானா ஆன் ஆயிருது, என்ன பண்ண?" சில மாடல்கள் அப்படித்தான். ஆன் ஆனால் ஆகட்டும், ஏர்பிளேன் மோடில் போட்டுத் திரையை அணைத்துவிடுங்கள், போதும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். 80 சதவீத எல்லை வைத்திருந்தால் ஐபோன் அவ்வப்போது தானாகவே 100 வரை ஏற்றிக்கொள்ளும். கோளாறு என்று பயந்துவிடாதீர்கள், கணக்கைச் சரிசெய்துகொள்ளத்தான் அப்படிச் செய்கிறது. 2021இல் ஐஓஎஸ் 14.5 வந்தபோது ஐபோன் 11 வரிசைக்கு ஆப்பிளே மென்பொருள் வழியாகப் பேட்டரி நலக் கணக்கைத் திருத்தும் வசதி கொடுத்தது. அது முடியவே சில வாரங்கள் பிடிக்கும் என்று சொன்னார்கள்.

கடையில் பேட்டரி மாற்றிக்கொண்டு வந்த பிறகு சதவீதம் குதிக்கிறது என்றும் கேட்கிறார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் கணக்குப் போடும் சிப் போர்டில்தான் இருக்கிறது, அதற்குப் பழைய பேட்டரியின் கணக்குத்தான் தெரியும். புதியது போட்டதும் மேலே சொன்னதை ஒருமுறை செய்துவிடுங்கள். செய்த பிறகு அக்யூபேட்டரியில் ஒரு வாரக் கொள்ளளவு மதிப்பீட்டைப் பாருங்கள். லேபிளில் 5000 எம்ஏஎச் (கொள்ளளவு) என்று அச்சடித்த பேட்டரி அதில் 3200 பக்கமே நின்றால், பில்லை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போகலாம்.