ஆட்டு இதயத்தை வெட்டிப் பார்க்கும் வகுப்பு: நர்சிங் மாணவர்கள் எப்படிச் செய்ய வேண்டும்

அனாட்டமி வகுப்பில் தட்டில் இதயத்தை வைத்ததுமே பல பேர் ஸ்கால்பெலைத்தான் (அறுவைக் கத்தி) முதலில் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதல் கால் மணி நேரம் விரல்களுக்கு மட்டும்தான் வேலை, ஏனென்றால் தப்பான இடத்தில் கீறிவிட்டால் அந்த வால்வை மறுபடி முழுசாகப் பார்க்கவே முடியாது.

அதற்கு முன் பாதுகாப்பு. ஃபார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் ரசாயனத் திரவம்) ஊறிய இதயம் என்றால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து வைத்து அல்லது எக்ஸாஸ்ட் ஓடும் இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது, அதனால் 'கொஞ்ச நேரம்தானே' என்று கையுறையையும் கண்ணாடியையும் விட்டுவிடாதீர்கள். நைட்ரைல் கையுறை நல்லது. கண்ணில் தெறித்தால் உடனே 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஆஸ்துமா இருப்பவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் முதலில் கத்தியைக் கீழே வையுங்கள், அப்புறம் உட்காருங்கள்.

சரி, இதயத்தைக் கையில் எடுங்கள். இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருப்பது இடது வென்ட்ரிக்கிள் (ரத்தத்தை வெளியே தள்ளும் கீழறை), அமுங்குவது வலது. கீழ் நுனி இடது வென்ட்ரிக்கிளைச் சேர்ந்தது, நோயாளியின் மார்பில் ஐந்தாவது விலா இடைவெளியில் நாம் தேடும் அபெக்ஸ் (இதய நுனி) துடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. முன்பக்கத்தில் கொழுப்பு படிந்த ஒரு பள்ளம் சாய்வாக இறங்கும், அதற்குள் ஓடும் ரத்தக்குழாய் அடைபட்டால் வரும் மாரடைப்பைப் பற்றி நீங்கள் நிறையப் படிக்கப் போகிறீர்கள். பிறகு மேலே இருக்கும் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விரலையோ முனை மழுங்கிய ப்ரோபையோ விட்டு அது எந்த அறைக்குப் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாங்கி வந்த இதயத்தில் ஏட்ரியமும் (ரத்தம் வந்து சேரும் மேலறை) குழாய்களும் பாதி அறுபட்டே இருக்கலாம், இருப்பதை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

ஃபார்மலின் படாத இதயமாக இருந்தால் இந்த நேரத்தில் அயோர்ட்டாவுக்குள் (இடது வென்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பும் பெரிய தமனி) மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்கு இரண்டாவது இதய ஒலி எதனால் வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது வெட்டலாம். பிளேடை ஹேண்டிலில் மாட்டும்போதும் கழற்றும்போதும் விரலால் பிடிக்காமல் ஃபோர்செப்ஸால் பிடியுங்கள், இன்னொருவருக்குக் கையிலிருந்து கைக்கு நீட்டாமல் தட்டில் வைத்துக் கொடுங்கள். ரத்தம் போகும் வழியிலேயே வெட்டிக்கொண்டு போங்கள். மேற்பெருஞ்சிரையில் (உடலின் மேற்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் குழாய்) தொடங்கி வலது ஏட்ரியம், அங்கிருந்து வலது வென்ட்ரிக்கிளின் வெளிச்சுவர் வழியாகக் கீழே. சின்னதாகக் கீறிவிட்டுக் கத்தரிக்கோலுக்கு மாறுங்கள், மழுங்கிய முனை உள்ளே இருக்கட்டும். இடது பக்கமும் இதே மாதிரிதான். இரண்டு சுவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இடது சுவர் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமனாக இருக்கும். வலது பக்கம் நுரையீரலுக்கு மட்டும் தள்ளினால் போதும், இடது உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும்.

இடது ஏட்ரியத்துக்கும் இடது வென்ட்ரிக்கிளுக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வில் நின்று நிதானமாகப் பாருங்கள், மொத்த வகுப்பிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். வால்வின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, வென்ட்ரிக்கிள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாப்பில்லரி தசையில் முடியும். தசையை ஃபோர்செப்ஸால் மெல்ல இழுங்கள், வால்வும் சேர்ந்து இழுபடும். மாரடைப்புக்குப் பிறகு இந்தத் தசை கிழிந்தால் வால்வு மூடாது, ரத்தம் பின்னோக்கி நுரையீரல் பக்கம் தேங்கும், நேற்றுவரை பரவாயில்லாமல் இருந்த நோயாளி திடீரென்று மூச்சுக்குத் திணறுவார். வார்டில் அதை முதலில் கவனிக்கப் போவது பெரும்பாலும் நர்ஸ்தான்.

கடைசியாக அயோர்ட்டாவைத் திறந்தால் மூன்று பிறை வடிவ மடல்கள், அவற்றுக்குச் சற்று மேலே இரண்டு சின்னத் துளைகள், இதயத் தசைக்கே ரத்தம் தரும் கொரோனரி தமனிகள் தொடங்கும் வாய். இடது வென்ட்ரிக்கிளின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும்போதுதான் கிடைக்கிறது, நாடி மிக வேகமாக ஓடினால் அந்த நேரம் சுருங்கிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: ஆட்டில் அயோர்ட்டா வளைவிலிருந்து ஒரே கிளைதான் கிளம்பும், மனிதருக்கு மூன்று. தேர்வில் ஆட்டை வரைந்துவிடாதீர்கள்.

முடிந்ததும் பிளேடு ஷார்ப்ஸ் டப்பாவுக்கு, திசுத் துண்டுகள் ஆய்வகம் ஒதுக்கிய பைக்கு. எதையும் சிங்க்கில் விடாதீர்கள். கையுறையின் வெளிப்பக்கம் தோலில் படாமல் உள்புறம் வெளியே வருமாறு கழற்றி, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.