கலங்கல் தாண்டும் வைட்டமின் சி: உடலில் தங்கும்படி உண்பது எப்படி

காங்கயம் காளைக்கு நெல்லிக்காய் தேவையில்லை. அதன் கல்லீரலே குளுக்கோசிலிருந்து வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்கிறது; பட்டியில் நிற்கும் வெள்ளாட்டுக்கும் அப்படியே. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியை முடிக்கும் நொதி மனிதனுக்கு இல்லாததால், நாம் தின்றுதான் பெற வேண்டியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த நாள் அளவு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65, பாலூட்டும் தாய்க்கு 115. நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது என்பதால், ஆயக்குடிக் கொய்யாவில் பாதியே ஒருவருக்கு அந்த நாளுக்குப் போதும்.

பிறகு ஏன் பலர் 500 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் சப்பிக்கொண்டிருக்கிறார்கள்? உள்ளே போனதெல்லாம் உடம்பில் சேரும் என்ற நம்பிக்கைதான் காரணம். நொய்யல் ஆற்றங்கரைக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்கால் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர்தான் குளத்துக்குள் வரும். குளம் நிறைந்துவிட்டால் மிகுதி, கலங்கல் எனப்படும் உபரிநீர்ப் போக்கி வழியே வெளியேறிவிடும். (சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஓர் ஊரே இருக்கிறது.) வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை சிறுகுடல் வாய்க்கால், சிறுநீரகம் கலங்கல்.

சிறுகுடலின் சுவரில், சோடியத்தின் துணையோடு வைட்டமின் சி-யை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் அவை இழுக்கக்கூடியதற்கு எல்லை உண்டு. அமெரிக்கத் தேசிய நல நிறுவனத்தில் ஆரோக்கியமான 7 இளைஞர்களை மாதக்கணக்கில் தங்கவைத்து நடத்தி, 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தடவையில் கொடுத்த 200 மில்லிகிராம் முழுவதுமாக உறிஞ்சப்பட்டது. 500 மில்லிகிராமில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், 1250 மில்லிகிராமில் பாதியளவுமே உள்ளே சென்றன. குடலில் நின்றுபோனது தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். பெரிய அளவில் மாத்திரை விழுங்கியவர்களுக்கு வயிறு இளகுவது இதனால்தான். நாளுக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உச்ச வரம்பு வைத்திருப்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

உள்ளே சென்றதை அட்ரினல் சுரப்பி, பிட்யூட்டரி, மூளை, வெள்ளணுக்கள் ஆகியவை இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அடர்த்தியாகச் சேர்த்துவைக்கின்றன. எல்லாம் சேர்ந்தாலும் உடம்பின் இருப்பு ஏறத்தாழ 1500 மில்லிகிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. வரத்து முற்றிலும் நின்றால் நாளுக்கு 3 சதவீதம் போலக் கரையும். இருப்பு 300 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போதுதான் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி தலைகாட்டும். அதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும் என்பதால், ஒருநாள் பழம் சாப்பிடவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது வைட்டமின் சி-யும் சேர்ந்து வடிகிறது. இருப்பு குறைவாக இருந்தால் சிறுநீரகக் குழல்கள் அதை ஏறக்குறைய முழுவதும் திருப்பி எடுத்துக்கொள்ளும்; இரத்தத்தில் நிறைவு வந்தபின் மிகுதியைச் சில மணி நேரத்தில் வெளியே விட்டுவிடும். ஏற்கெனவே நிறைந்த உடம்பில் 500 மில்லிகிராம் மாத்திரை போட்டால், உறிஞ்சப்பட்டதில் பெரும்பகுதி அன்றே கலங்கல் தாண்டிவிடும். சத்து மாத்திரை போட்டதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதை வைட்டமின் சி-யின் அடையாளமாகச் சொல்வார்கள். அது தவறு, அந்த நிறம் அதே மாத்திரையில் கூடவே இருக்கும் வைட்டமின் பி2-வினுடையது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து உண்பது. காலையில் பாதிக் கொய்யாவும் மதியம் ஒரு கீரையும் இருந்தால் மாத்திரைக்கு வேலையே இல்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் பாதியாக உடைத்து இரு வேளையாகப் போடலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். புகைபிடிப்பவர்களுக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் போலக் கூடுதலாகத் தேவைப்படும்.

அடுத்தது சமையல். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும், காற்றுப் பட்டாலும் குறையும். முருங்கைக்கீரையைக் கொத்தாகவே அலசிவிட்டு, உருவியதும் அடுப்பில் போட வேண்டும்; உருவிய இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, இலை சுருண்டு நிறம் மாறாமல் இருக்கும்போதே இறக்கிவிடலாம். அரிசியும் பருப்பும் சாதத்துக்கு எலுமிச்சை பிழிவதானால் குக்கரைத் திறந்து, தட்டில் பரிமாறிய பிறகே பிழிய வேண்டும்.

புளிப்பாக இருப்பதிலெல்லாம் வைட்டமின் சி இருக்கும் என்று எண்ணுவதும் பிழை. நம் பச்சைப்புளி ரசத்தில் புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். புளியில் வைட்டமின் சி மிகச் சொற்பம். ஆனாலும் அந்த ரசத்தில் வைட்டமின் சி உண்டு. கொதிக்கவைக்காமல் கையால் கசக்கிப் போடும் பச்சை மிளகாயும் கொத்தமல்லித்தழையும் அதைக் கொண்டுவருகின்றன.

கம்பு, ராகி, கீரை ஆகியவற்றின் இரும்புச்சத்தைக் குடல் எளிதில் ஏற்காது. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால்தான் ஏற்பு கூடும். மதியம் களி தின்றுவிட்டு இரவு நெல்லிக்காய் கடிப்பதால் அந்தப் பயன் கிடைக்காது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இருக்கிற பயனும் குறையும்.

உடம்பில் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி, சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்குகிறது. சிறுநீரகக் கல் வந்து போனவர்களும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது. பழத்துக்கும் கீரைக்கும்கூடச் சிறுநீரக நோயாளிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. சர்க்கரை நோயாளி ஒருவர் அதிக அளவில் மாத்திரை போட்டுவிட்டுச் சிறுநீரில் பட்டையைத் தோய்த்துப் பார்க்கும் சோதனைக்குப் போனால், சர்க்கரை இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். ஆகவே பரிசோதனைக்கூடத்தில் சிறுநீரைக் கொடுக்கும்போதே மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.