நடக்கத் தொடங்கிய பத்தாம் நாள் எடை மெஷினில் ஏறாதீர்கள்

நடக்க ஆரம்பித்த பத்தாம் நாள் எடை பார்த்தேன். ஒரு கிலோ கூடியிருந்தது. வீட்டு மெஷின் கோளாறாக இருக்கும் என்று மெடிக்கல் ஷாப் வாசலில் இருக்கும் மெஷினிலும் ஏறிப் பார்த்தேன். அதுவும் அதையேதான் காட்டியது. தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, தெருநாய்க்குப் பயந்து கையில் குச்சியோடு நடந்ததற்கு இதுவா பலன் என்ற எரிச்சலில் அன்று மாலை பஜ்ஜி இரண்டு கூடுதலாக உள்ளே போனது.

அந்த ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர் என்பது பிறகுதான் புரிந்தது. தசைக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தால், அது கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பை முன்பைவிட அதிகமாகச் சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். பழக்கமில்லாத வேலையால் தசையில் வரும் நுண்ணிய காயங்களை ஆற்றும்போதும் அங்கே நீர் தேங்கும். முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். எல்லாமே உடம்பு வேலைக்குத் தயாராகும் ஏற்பாடுகள். மெஷினுக்கு இது எங்கே தெரியும்? கொழுப்பு, தண்ணீர், நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டா எல்லாம் அதற்கு ஒரே கணக்கு. உடற்பயிற்சியே செய்யாதவருக்கும் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சகஜம்.

எடை பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்க்கலாம். என்னைக் கேட்டால் தையல்காரர் டேப் அதைவிட நம்பகமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு, எடை மாறாமலேயே குறைவதுண்டு. பேன்ட் லூசாகிறது, எடை மட்டும் அசையவில்லை என்று சிலர் சொல்வது அதனால்தான்.

அடுத்த தவறு, ‘எத்தனை நாளில் பலன் தெரியும்?’ என்று மொத்தமாக ஒரே கேள்வி கேட்பது. எதன் பலன்? சாப்பிட்டு முடித்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அந்த வேளைக்கு ஏற வேண்டிய சர்க்கரை அப்போதே குறைவாக ஏறும். ரத்த அழுத்தம் நடந்து முடித்த சில மணி நேரத்துக்கு இறங்கியிருக்கும். நிலையாக இறங்க ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது மூன்று, நான்கு வாரத்தில் குறையத் தொடங்கும். எடை தூக்குபவர்களுக்கு முதல் மாதம் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்பின் கைவண்ணம்: இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க அது கற்றுக்கொள்கிறது. கண்ணாடியில் தெரியும் அளவுக்குத் தசை வளர இரண்டு, மூன்று மாதம். எலும்பு இன்னும் நிதானமான ஆள், ஸ்கேனில் மாற்றம் தெரியவே ஆறு மாதம், ஒரு வருடம் ஆகிவிடும்.

இந்தக் கணக்கு தெரியாமல் லேபுக்கு ஓடுபவர்கள் நிறைய. ‘மூணு மாச சர்க்கரை’ என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்க்கிற சோதனை. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். நடக்கத் தொடங்கி மூன்றாவது வாரம் ரத்தம் கொடுத்தால், நீங்கள் சோம்பலாக உட்கார்ந்திருந்த நாட்களின் கணக்கும் சேர்ந்துதான் வரும். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். எண் நன்றாக வந்தது என்று மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் நடையைக் கூட்டும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

சரி, இனி சொல்லப்போவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. என்னோடு நடக்கும் அண்ணாச்சி ஒருவர், வயது ஐம்பத்தெட்டு. முதல் இரண்டு வாரம் மூன்று கிலோமீட்டருக்கே திணறினார். நான்காவது வாரம் மூச்சு சீரானதும் ஆசை வந்துவிட்டது. “தம்பி, இன்னைக்கு எட்டு கிலோமீட்டர்!” என்று போனில் காட்டினார். ஆறாவது வாரம் ஆளையே காணோம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலியாம். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தயாராகிவிடும். தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம், அதுவும் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டி வைக்கும் தசைநாண்களுக்கும் உள்ளங்காலின் நார்ப்பட்டைக்கும் ரத்த ஓட்டம் குறைவு, அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு ‘போகலாம்’ என்று சொல்லும்போது குதிகால் இன்னும் முதல் வாரத்தில்தான் நின்றுகொண்டிருக்கும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ரப்பர் செருப்போடு கான்கிரீட் சாலையில் எட்டு கிலோமீட்டர் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிர் ரகமும் உண்டு. இரண்டு வருடமாக அதே பூங்காவில் அதே மூன்று சுற்று, அதே அரசியல் பேச்சு, அதே வேகம். உடம்பு அந்த வேலைக்குப் பழகி முடித்தபின் புதிதாக மாறுவதற்கு அதற்கென்ன அவசியம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் வாரம் 150 முதல் 300 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. இந்த இரண்டாவது பாதியை நம் ஊரில் யாரும் காதில் வாங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று வீட்டிலேயே தொடங்கலாம்.

சாப்பாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 70 கிலோ ஆள் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 140 கலோரி. நடை முடிந்ததும் கூட்டமாகப் போய் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் தீர்ந்தது. வியர்வை கொட்டினால் கொழுப்பு கரைகிறது என்று வெயிலில் ஜெர்கின் போட்டு ஓடுவதும் வீண். போனது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்பிவிடும். வலித்தால்தான் பலன் என்பதும் அப்படித்தான். புதுப் பயிற்சி செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும் தசைவலி, பழக்கமில்லாததைச் செய்தீர்கள் என்று மட்டுமே சொல்லும்.

அப்புறம் இந்த ‘21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்’ கதை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. 22ஆம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டால் நம்மால் ஆகாது என்று முடிவுகட்ட வேண்டாம்.

நீண்ட இடைவெளி விழுந்தால் விஷயம் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நடை நின்றால் இரண்டு வாரத்தில் மூச்சுத் திறன் குறையத் தொடங்கும். பலம் மூன்று, நான்கு வாரம் பெரிதாகக் குறையாமல் நிற்கும். விட்ட இடத்திலிருந்தே தொடங்குவேன் என்று அடம்பிடிக்காமல் பாதி தூரத்தில் தொடங்கினால், முதல் தடவையைவிடச் சீக்கிரமாகவே பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

அண்ணாச்சி அப்படித்தான் திரும்ப வந்தார். புது ஷூ, ஒன்றரை கிலோமீட்டர். எட்டாவது கிலோமீட்டர் கதையை மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.