கிராத்தான் தோஃபினுவா: பாலில் வேகும் உருளைக்கிழங்கு, தொடக்கநிலையினருக்கான செய்முறை

பிரான்சின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளை ஒட்டிப் பரந்திருக்கும் பழைய மாகாணம் தோஃபினே. கிரெனோபிள் அதன் தலைநகராக விளங்கிய ஊர். கிழங்கும் கறவை மாடும் செழித்த இந்த மலைநாட்டில் பிறந்த உணவுதான் கிராத்தான் தோஃபினுவா. மெல்லிய வில்லைகளாகச் சீவிய உருளைக்கிழங்கைப் பூண்டு மணக்கும் பாலிலும் கிரீமிலும் ஊறவிட்டு, ஓவனின் மிதமான சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவைத்து, மேற்புறம் பொன்னிறமாகச் சிவந்ததும் எடுத்துப் பரிமாறுவார்கள். காரம் மிகவும் குறைவு என்பதால் குழந்தைகளும் முதியவர்களும் விரும்பிச் சாப்பிடுவார்கள். ஓவனை முதன்முதலாகப் பயன்படுத்துவோர் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான உணவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த உணவைப் பெயரிட்டுச் சொல்லும் முதல் பதிவாகப் பரவலாகக் காட்டப்படுவது 1788 ஜூலை 12 அன்று காப் நகரில் நடந்த ஒரு விருந்து. தோஃபினேயின் படைத்தலைவராக இருந்த கிளெர்மோன் தொன்னேர் கோமகன் அந்நகர அதிகாரிகளுக்கு அளித்த அந்த விருந்தில், ஓர்த்தொலான் என்னும் சிறு பறவையின் இறைச்சிக்குத் துணையாக இது பரிமாறப்பட்டது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான், ஜூன் 7 அன்று, கிரெனோபிள் மக்கள் கூரையேறி ஓடுகளைப் பெயர்த்து அரசுப் படையினர்மீது எறிந்திருந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் அந்தக் கொந்தளிப்பை நேரில் எதிர்கொண்டவரும் இதே கோமகன்தான்.

செய்முறைக்குள் நுழையுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இணையத்தில் இந்தப் பெயரில் உலவும் படங்கள் பலவற்றில் உருகி வழியும் சீஸைக் காணலாம். தோஃபினே வீடுகளின் மரபான முறையில் சீஸும் இல்லை, முட்டையும் இல்லை, மைதாவும் இல்லை. பக்கத்து மாகாணமான சவோயில் பாலுக்குப் பதிலாக இறைச்சிச் சாறு ஊற்றி, போஃபோர் சீஸைத் துருவிப் போடுவார்கள். அதற்குக் கிராத்தான் சவோயார் என்று தனிப்பெயர் உண்டு. புகழ்பெற்ற சமையற்கலைஞர் எஸ்கோஃபியே தம் செய்முறையில் முட்டையும் குருயேர் சீஸும் சேர்த்திருக்கிறார் என்பதும் உண்மைதான். ஆயினும் முதல் முறை செய்பவர்கள் இவை எதையும் சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சீஸ் சேர்த்துவிட்டால் பால் சரியாகத் திரண்டதா, கிழங்கு பக்குவமாக வெந்ததா என்பதெல்லாம் அதன் அடியில் மறைந்துபோகும். கற்றுக்கொள்ள வேண்டிய பக்குவமும் அதுவேதான்.

அந்தப் பக்குவத்தின் வேர் கிழங்கின் மாவுச்சத்து. நம் வீடுகளில் உருளைக்கிழங்கை நறுக்கிய உடனே தண்ணீரில் போட்டுவிடுவோம். கறுக்காமல் இருப்பதற்கும், வறுவல் ஒட்டாமல் மொறுமொறுப்பாக வருவதற்கும் அது சரியான பழக்கமே. இங்கே மட்டும் அந்தப் பழக்கத்தைக் கண்டிப்பாகக் கைவிட வேண்டும். வெட்டிய பரப்பில் ஒட்டியிருக்கும் மாவுச்சத்து சூடான பாலில் கரைந்து உப்பித்தான் பாலைக் கெட்டியாக்குகிறது. அதைக் கழுவிக் கொட்டிவிட்டால், எத்தனை நேரம் ஓவனில் வைத்தாலும் தட்டின் அடியில் நீர்த்த பாலும் அதில் தனித்தனியாக மிதக்கும் வில்லைகளும்தான் மிஞ்சும்.

தேவையான பொருள்கள்

ஐந்து அல்லது ஆறு பேருக்குத் துணை உணவாக ஒரு கிலோ உருளைக்கிழங்கு போதும். அதற்கு 500 மில்லி கொழுப்பு நீக்காத பால், 250 மில்லி கிரீம், இரண்டு பூண்டுப் பல், 20 கிராம் வெண்ணெய், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், கால் தேக்கரண்டிக்கும் குறைவாகத் துருவிய ஜாதிக்காய் ஆகியவை வேண்டும். பிரான்சில் 30 விழுக்காட்டுக்குக் குறையாத கொழுப்புள்ள கிரீமைப் பயன்படுத்துவது வழக்கம். நம் கடைகளில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் ஃபிரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 விழுக்காடுதான் இருக்கும் என்பதால், அதை வாங்கினால் கிரீமை 300 மில்லியாகக் கூட்டி, பாலை 450 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இனிப்புச் சேர்த்த விப்பிங் கிரீமைத் தவறியும் வாங்கிவிடாதீர்கள். பெட்டியின் பின்புறத்தில் உள்ள பொருள்பட்டியலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில் சற்றுக் கவனம் தேவை. வெந்தபின் பொலபொலவென உதிரும் மாவுக்கிழங்கு இங்கே குழைந்து கூழாகிவிடும். ஓரளவு இறுக்கமான சதைப்பற்றும் மஞ்சள் சாயலும் உடையது வில்லை வடிவம் குலையாமல் வேகும். தமிழ்நாட்டுச் சந்தைகளில் கிடைக்கும் ஊட்டிக் கிழங்கு இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். சுவை இனிப்புப் பக்கம் சாய்வதோடு மேற்புறமும் சீக்கிரமே கருகும். எனவே வெளியில், காற்றோட்டமான கூடையில் வைத்த கிழங்கையே பயன்படுத்துங்கள்.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, ஓவனில் வைக்கக்கூடிய பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டம் ஏற்றது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் ஆழமும் இருந்தால் ஒரு கிலோ கிழங்கு சரியாக அடங்கும்.

முதல் படி: தோல் சீவுதல், வில்லை போடுதல்

கிழங்கைத் தோலோடு நன்றாகக் கழுவுங்கள். கழுவுவது இந்த ஒரு முறைதான். தோலைச் சீவியபின் உலர்ந்த துணியால் துடைத்து, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக நறுக்குங்கள். நேந்திரங்காய் சிப்ஸுக்குப் பயன்படும் சீவுகட்டை வீட்டில் இருந்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் அதன் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே சீவும், அவ்வளவு மெல்லிய வில்லைகள் பாலில் கரைந்துவிடும். தகட்டை ஏற்றி இறக்கும் வசதி இல்லையென்றால் கத்தியாலேயே நிதானமாக நறுக்குங்கள். கனம் சற்று முன்பின்னாக இருந்தாலும் பாதகமில்லை. ஒரே கிழங்கில் ஒரு வில்லை காகிதமாகவும் இன்னொன்று விரல் கனத்திலும் இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நறுக்கிய உடனே அடுத்த படிக்குப் போய்விட்டால் வில்லைகள் கறுக்க நேரமே இருக்காது.

இரண்டாம் படி: அடுப்பில் பாலைத் திரட்டுதல்

சுவை முழுவதும் இந்தப் படியில்தான் அமைகிறது. அடி கனமான, அகன்ற பாத்திரத்தில் பால், கிரீம், உப்பு, மிளகுத்தூள், ஜாதிக்காய்த் துருவல், நசுக்கிய ஒரு பூண்டுப் பல் ஆகியவற்றைச் சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். ஓரங்களில் நுரை கட்டத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, வில்லைகளை உதிர்த்துவிட்டுப் போடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய வில்லைகளுக்கு நடுவே பால் புகாமல் அந்த இடம் வேகாமல் நின்றுவிடும் என்பதால், கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடாமல் விரல்களால் பிரித்துப் போடுவது அவசியம்.

மரக்கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகத் தள்ளிவிட்டபடி எட்டு முதல் பத்து நிமிடம் வரை இளங்கொதியில் வைத்திருங்கள். முதல் மூன்று நான்கு நிமிடங்களில் எந்த மாற்றமும் தெரியாது. பால் தண்ணீராகவே இருக்கும், கரண்டி தடையின்றி நகரும். பிறகு சட்டென்று கரண்டியில் ஒரு கனம் தட்டுப்படும். சிறு குமிழ்கள் மறைந்து, பெரிய குமிழ்கள் தாமதித்து எழுந்து உடையும். கரண்டியை எடுத்து அதன் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு அழியாமல் நிற்கும். ஜவ்வரிசிப் பாயசம் இறக்கும் பதம்தான் இது. வில்லைகள் அப்போது முக்கால் வேக்காட்டில் இருக்க வேண்டும். வளைத்தால் வளையும், ஆனால் உடையாது. பாலை நாவில் விட்டுப் பாருங்கள். உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாகத் தெரிய வேண்டும், ஏனெனில் கிழங்கு இன்னும் வேகும்போது அந்த உப்பை உள்வாங்கிக்கொள்ளும். நசுக்கிய பூண்டை எடுத்துவிடலாம்.

சில சமையல்காரர்கள் இந்தப் படியைத் தவிர்த்து, பச்சை வில்லைகளையே தட்டத்தில் அடுக்கி மேலே பாலை ஊற்றி ஓவனில் வைப்பார்கள். அதுவும் நல்ல முறைதான். ஆனால் வேக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், உப்பு சரியா என்று இடையில் பார்க்கவும் வழியில்லை. புதிதாகச் செய்பவர்களுக்கு அடுப்பு வழியே பாதுகாப்பானது.

மூன்றாம் படி: தட்டத்தில் பரப்புதல்

ஓவனை 160 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்கத் தொடங்குங்கள். மீதமுள்ள பூண்டுப் பல்லைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாயால் தட்டத்தின் அடியிலும் பக்கங்களிலும் அழுத்தித் தேயுங்கள். ஈரம் காய்ந்ததும் வெண்ணெயில் பாதியைத் தடவுங்கள். பூண்டுத் துண்டுகள் எங்கும் பல்லில் அகப்படாமல், மணம் மட்டும் உணவெங்கும் பரவுவதற்கு இது மரபாக வந்த வழி. கிழங்கையும் பாலையும் சேர்த்து ஊற்றி, கரண்டியால் லேசாக அழுத்திச் சமப்படுத்துங்கள். வில்லைகள் பாலில் ஏறக்குறைய மூழ்கியிருக்க வேண்டும். தட்டத்தின் விளிம்புக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டராவது இடம் விடுங்கள், இல்லையென்றால் பால் பொங்கி ஓவன் தரையில் வழிந்து புகையும். எஞ்சிய வெண்ணெயைச் சிறு துணுக்குகளாக மேலே இட்டுவிடுங்கள்.

நான்காம் படி: ஓவனில் வேகவைத்தல்

தட்டத்தை நடுத்தட்டில் வைத்து, மேலும் கீழும் சூடு வரும்படி அமைத்து, 50 முதல் 60 நிமிடம் வேகவிடுங்கள். நம் வீடுகளில் அதிகம் புழங்கும் ஓடிஜி என்னும் சிறிய மின் ஓவனில் மேல்கம்பி தட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால் மேற்புறம் வேகமாகச் சிவந்துவிடும். முதல் அரை மணி நேரம் அலுமினியத் தாளால் தளர்வாக மூடிவைத்துப் பிறகு எடுத்துவிடுங்கள். கன்வெக்ஷன் வசதியுள்ள, அதாவது விசிறியால் சூடான காற்றைச் சுழற்றும், மைக்ரோவேவிலும் இதைச் செய்யலாம், அதன் கன்வெக்ஷன் முறையில் மட்டும். வெறும் மைக்ரோவேவில் கிழங்கு வெந்துவிடும், மேலே சிவக்காது.

சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் ஆசை எழும், அதற்கு இடங்கொடுக்காதீர்கள். கடுஞ்சூட்டில் பாலின் புரதம் இறுகி, கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து, திரிந்த பால்போல் துகள் துகளாகிவிடும். கொழுப்பு நீக்கிய பாலைப் பயன்படுத்தினாலும் இதே கதிதான் நேரும். கிரீமின் கொழுப்பும் கிழங்கின் மாவுச்சத்தும் சேர்ந்துதான் பாலைத் திரியாமல் காக்கின்றன.

வெந்துவிட்டதா என்பதைக் கத்திமுனையால் அறியலாம். தட்டத்தின் நடுவில் செங்குத்தாக இறக்கினால், எந்த அடுக்கிலும் தடைபடாமல் அடிவரை இறங்க வேண்டும். நடுவில் நறுக்கென்று ஏதேனும் தட்டுப்பட்டால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். முழுதும் வெந்தபிறகும் மேற்புறம் வெளுத்திருந்தால், சூட்டை 190 டிகிரிக்கு உயர்த்திப் பத்து நிமிடம் வைத்து, அருகிலேயே நின்று பாருங்கள். பொன்னிறத்திலிருந்து கருப்புக்கு மாற அதிக நேரம் ஆகாது.

ஐந்தாம் படி: ஆறவிடுதல்

ஓவனிலிருந்து எடுத்ததும் மேலே பால் இன்னும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். பதினைந்து நிமிடம் அப்படியே விட்டால், சூடு தணியத் தணிய மாவுச்சத்து இறுகி, கரண்டியால் எடுக்கும்போது அடுக்கு கலையாமல் வரும். உடனே பரிமாறினால் குழம்பாக ஓடுவதோடு நாக்கும் வெந்துபோகும். கண்ணாடித் தட்டமாயின் ஈரமான கிரானைட் மேடையில் நேரடியாக வைக்காதீர்கள், வெடித்துவிடக்கூடும். தடித்த துணியோ மரப்பலகையோ அடியில் இருக்கட்டும்.

எதனுடன் பரிமாறுவது

பிரான்சில் ஓவனில் சுட்ட ஆட்டுத்தொடைக்கு இது வழக்கமான துணை. கோழி வறுவலோடும் நன்றாக ஒத்துப்போகும். சைவ உணவாக்க விரும்பினால், எலுமிச்சைச்சாறு தாராளமாகப் பிழிந்த வெள்ளரி, தக்காளி, லெட்யூஸ் கலவையைப் பக்கத்தில் வையுங்கள். பாலின் கனத்துக்கு அந்தப் புளிப்பு தேவைப்படுகிறது. சாம்பார் சாதத்துக்கு இதைத் தொட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புளியும் பெருங்காயமும் இதன் மென்மையான மணத்தை முற்றிலும் மூடிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மீந்ததை ஆறியபின் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருக்கலாம். குளிர்ந்த நிலையில் அது கட்டியாக இறுகி, கத்தியால் சதுரங்களாக வெட்டும்படி நிற்கும். மறுநாள் இரண்டு மேசைக்கரண்டிப் பாலை மேலே தெளித்து, தாளால் மூடி, 150 டிகிரியில் இருபது நிமிடம் சூடாக்கினால் பழைய குழைவு திரும்பிவிடும். அல்லது அந்தச் சதுரங்களைத் தோசைக்கல்லில் சிறிது வெண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்கச் சுட்டெடுங்கள்; பிள்ளைகளின் மாலைச் சிற்றுண்டிக்கு அது மிகவும் நன்றாக இருக்கும்.