பிளேயர் மலிவு என்று கையை நீட்டாதீர்கள்

போன மாதம் திங்கள்சந்தைப் பையன் ஒருவன் எட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து பரப்பினான். எல்லாம் கருஞ்சிவப்பு உறை போட்ட எச்டி டிவிடி, ப்ளூ-ரேயோடு போட்டி போட்டுத் தோற்றுப்போன டிஸ்க் வகை. “எச்டி டிவிடியும் நீல லேசர்தானே அண்ணே, என் ப்ளூ-ரே பிளேயரில் ஓடாதா?” என்றான். ஓடாது. லேசர் ஒன்றுதான், ஆனால் ப்ளூ-ரேயில் தகவல் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, எச்டி டிவிடியில் 0.6. எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

கீறல் விழாமல் பிடிப்பது, வெயிலில் வைக்காமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுகிறேன். டிஸ்க்கும் பிளேயரும் வாங்குவதில் நடக்கும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

பிளேயர் விலையைப் பார்த்து டிஸ்க் வகையைத் தேர்வது

2007 நவம்பரில் அமெரிக்கக் கடைகளில் எச்டி டிவிடி பிளேயர் 100 டாலருக்கும் கீழே இறங்கியது. அன்றைய கணக்கில் நாலாயிரம் ரூபாய்கூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்த மச்சானிடம் சொல்லி ஒன்றை வரவழைத்தேன். அது 120 வோல்ட் பெட்டி. நம் கரண்டுக்கு மாட்ட, நாகர்கோவிலில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்க வேண்டியதாயிற்று. செங்கல் கனம், ராத்திரி முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். “அந்தச் சவத்தைத் தூக்கி வெளியே வையுங்க” என்பாள் வீட்டுக்காரி.

2008 ஜனவரி 4 அன்று ஹாலிவுட் படக் கம்பெனி வார்னர், இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்றது. பிப்ரவரி 19 அன்று எச்டி டிவிடியையே நிறுத்துவதாக, அதைக் கொண்டுவந்த தோஷிபாவே அறிவித்தது. என் பெட்டி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

தப்பு என்னுடையதுதான். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் என்று மூன்று படக் கம்பெனிகளும் ப்ளூ-ரே பக்கம் நிற்பதைப் பார்க்கவில்லை. பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே ப்ளூ-ரே இருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்டி டிவிடி டிரைவைத் தனியாக வாங்க வேண்டும். விளையாட்டுக்காகப் பெட்டி வாங்கிய வீடெல்லாம் தானாகவே ப்ளூ-ரே வீடாகிவிட்டது. படத் தெளிவில் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டுமே 1080பி. அதனால்தான் விலையை மட்டும் பார்த்து ஏமாந்தேன். பிளேயர் திடீரென்று பாதி விலைக்கு வந்தால், சரக்கைத் தள்ளிவிடுகிறார்களோ என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெட்டியை ஒருமுறைதான் வாங்குகிறோம். டிஸ்க்கைக் காலமெல்லாம் வாங்குகிறோம்.

கல்ஃபில் இருந்து வரும் பெட்டி

குளச்சல், தக்கலைப் பக்கம் அடிக்கடி நடப்பது. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிஸ்க் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டுப் போடுவார்கள். துபாயில் ப்ளூ-ரேக்கு மண்டலம் பி, டிவிடிக்கு 2. நமக்கு சி, 5. பூட்டுப் போட்ட டிஸ்க் என்றால் திரையில் எச்சரிக்கை மட்டும் வரும். டிஸ்க்கின் பின்னட்டையில் மண்டலக் குறியைப் பாருங்கள். 4கே ப்ளூ-ரேயில் இந்தத் தொல்லை இல்லை.

எரித்த டிவிடியை ஒரிஜினல் என்று வாங்குவது

திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஊதாவாக மின்னினால் அது கம்ப்யூட்டரில் பதிந்த நகல், வைத்துவிடுங்கள்.

விசிடி சேர்ப்பது

கல்யாண வீடியோ என்றால் சரி, சினிமாவுக்கு வேண்டாம்.

ஓட்டிப் பார்க்காமல் பழைய டிஸ்க்குக்குப் பணம் கொடுப்பது

பையனின் எட்டு டிஸ்க்கையும் பரணில் கிடந்த என் பெட்டியை இறக்கி ஓட்டிப் பார்த்தோம். ஐந்து ஓடியது. ஒன்று பாதியில் உறைந்து நின்றது, இரண்டைப் பெட்டி ஏற்கவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் பழையபடி இரைந்தது. “இந்தப் பெட்டியைக் கொடுப்பீங்களா அண்ணே, என்ன விலை?” என்றான்.